34 பேர் போதும்: செனட்டில் ஓர் ஒப்பந்தம் தோற்ற கதை

இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு நோட்டு என்று ஓடியதில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல நாளாகிவிட்டது. இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வகுப்பில் சமீபத்தில் ஒரு விவாதம் நடந்தது. தலைப்பு: "மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை அமெரிக்க செனட் நிராகரித்தது சரியா, தவறா?" சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கிடைத்தது "சரி" என்ற பக்கம். அதாவது, இதற்கு ஒப்புதல் தராதீர்கள் என்று செனட்டர்களிடம் வாதாடுகிற பக்கம். யாருக்கும் பிடிக்காத பக்கம்தான். ஆனாலும் விடக்கூடாது என்று இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். "நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்று ஜெனீவாவில் இருக்கும் யாரோ முடிவு செய்வார்கள். பிள்ளையை உங்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போனாலும் நீங்கள் கேட்க முடியாது" என்று மேசையைத் தட்டிப் பேசினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஜெயித்தும் விட்டேன்.

வெளியே வந்ததும் என் நண்பன் ஒருவன் (சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு ஒரு கால் பாதிக்கப்பட்டது, ஊன்றுகோலோடுதான் வருவான்) கேட்டான்: "மச்சி, நீ அந்த ஒப்பந்தத்தைப் படிச்சியா, இல்ல அதைப் பத்தி அவங்க சொன்னதை மட்டும் படிச்சியா?"

என்னிடம் பதில் இல்லை. படித்தது முழுக்க எதிர்ப்பாளர்கள் எழுதியதுதான். அன்று இரவு ஒப்பந்தத்தையே எடுத்துப் படித்தேன். அதற்குப் பிறகு எழுதுவதுதான் இந்தப் பதிவு.

முதலில், இது என்ன ஒப்பந்தம்?

2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை இதை ஏற்றுக்கொண்டது. 2007 மார்ச் 30 முதல் நாடுகள் கையெழுத்திட ஆரம்பித்தன. 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 50 விதிகள். படிப்பு, வேலை, போக்குவரத்து, வாக்குரிமை, நீதிமன்றம் என்று எதிலும் உடல், மனக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்பதுதான் சாரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிந்தனைக்கு முன்னோடி என்று பலரும் சொல்வது அமெரிக்காவின் சட்டத்தைத்தான். 1990 ஜூலை 26 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) கையெழுத்திட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் அது. அந்தச் சட்டமும் சும்மா வந்துவிடவில்லை. அதே ஆண்டு மார்ச் 12 அன்று பல மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கைகளாலேயே தவழ்ந்து ஏறினார்கள். அதன் பிறகுதான் சட்டம் நகர்ந்தது.

ஆக, அமெரிக்காவுக்கு இது புதிய விஷயமே இல்லை. 2009 ஜூலை 30 அன்று ஒபாமா அரசு கையெழுத்திட்டது. 2012 மே மாதம் செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பியது. ஜூலை 26 அன்று வெளியுறவுக் குழுவில் 13க்கு 6 என்ற கணக்கில் தேறியது. எல்லாம் சுமுகமாகத்தான் போனது.

அப்புறம் ஏன் தோற்றது?

இதற்குக் கொஞ்சம் பழைய வரலாறு தேவை. அமெரிக்க அரசியல் சாசனப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு, வாக்களிக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். 100 பேரும் வந்தால் 67 வாக்கு. இதையே திருப்பிப் பார்த்தால், 34 பேர் சேர்ந்தால் எந்த ஒப்பந்தத்தையும் நிறுத்திவிடலாம்.

இந்த விதி பெரிய பெரிய ஒப்பந்தங்களையே காவு வாங்கியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் அதிபர் வில்சன் தலையால் தண்ணீர் குடித்தும் வெர்சாய் ஒப்பந்தம் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் செனட்டில் தோற்றது. அவரே முன்னின்று உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் அவர் நாடே சேரவில்லை. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திட்டது 1948ல். செனட் சம்மதம் கிடைத்தது 1986ல்! இடையில் வில்லியம் ப்ராக்ஸ்மையர் என்ற செனட்டர் 1967 முதல் இதற்காகவே தினமும் ஒரு பேச்சு என்று 3,000க்கும் மேற்பட்ட முறை பேசினார். பெண்கள் மீதான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை (கையெழுத்து 1980), குழந்தைகள் உரிமை உடன்படிக்கை (கையெழுத்து 1995) இரண்டுக்கும் இன்றுவரை ஒப்புதல் இல்லை.

ஏன் இவ்வளவு பயம்? அதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்க சாசனத்தின் 6ஆவது பிரிவு, ஒப்பந்தங்களும் நாட்டின் உச்ச சட்டம் என்கிறது. 1916ல் வலசைப் பறவைகளைக் காப்பாற்ற, கனடாவுக்காக பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். "பறவை எங்கள் மாநில விஷயம், மத்திய அரசு தலையிட முடியாது" என்று மிசூரி மாநிலம் வழக்குப் போட்டது. 1920ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை நிறைவேற்ற மத்திய அரசு சட்டம் போடலாம் என்று தீர்ப்பளித்தது. பறவை வழக்குதான். ஆனால் மாநில உரிமை பேசுகிறவர்களுக்கு அன்றிலிருந்தே தூக்கம் போய்விட்டது. ஒப்பந்தம் என்ற பின்வாசல் வழியாக எதை வேண்டுமானாலும் உள்ளே கொண்டுவரலாமே! 1950களில் ஒஹையோ செனட்டர் ஜான் ப்ரிக்கர் இதைத் தடுக்கச் சாசனத் திருத்தமே கொண்டுவந்தார். அதன் மாற்று வடிவம் ஒன்று 1954ல் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

எனவே 2012ல் எதிர்த்தவர்கள் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல.

எதிர்த்தவர்கள் யார்?

முன்னணியில் நின்றது ஹோம் ஸ்கூல் லீகல் டிஃபென்ஸ் அசோசியேஷன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்கான சட்ட உதவிச் சங்கம். 1983ல் ஆரம்பித்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரிஸ் என்ற வழக்கறிஞர்.

இந்தப் பெற்றோரைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அவர்கள் கதையையும் பார்க்க வேண்டும். 1980களில் பல மாநிலங்களில் வீட்டுக்கல்வி சட்டப்படி குற்றமாகவோ, தெளிவில்லாததாகவோ இருந்தது. நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்துதான், 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் அது சட்டப்படி சரி என்ற நிலை வந்தது. ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அனுமதி இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். "பிள்ளையின் நலன் கருதி" என்று ஓர் அதிகாரி கதவைத் தட்டுவது அவர்களுக்குக் கற்பனை அல்ல.

இன்னொன்று, அவர்களுக்கு போன் செய்யத் தெரியும்! 1994ல் ஒரு கல்வி மசோதா தங்களைப் பாதிக்கும் என்று நினைத்தபோது, நாடாளுமன்றத் தொலைபேசி இணைப்புகளே திணறும் அளவுக்குப் போன் செய்தவர்கள் அவர்கள். 2012லும் அதே உத்தி. செனட்டர் அலுவலகங்களுக்குப் போன், மின்னஞ்சல், மறுபடியும் போன்.

அவர்கள் சொன்ன முக்கிய வாதங்கள் இவை. (நானும் இவற்றைத்தான் வாந்தி எடுத்தேன்.)

ஒன்று, 7ஆவது விதி. மாற்றுத்திறனாளிக் குழந்தை தொடர்பான எல்லா நடவடிக்கைகளிலும் குழந்தையின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. அந்த நலனை முடிவு செய்வது யார்? பெற்றோரா, அரசா?

இரண்டு, 25ஆவது விதியில் வரும் இனப்பெருக்க நலம் என்ற சொல். இது கருக்கலைப்புக்கு வழி திறக்கும் என்றார்கள்.

மூன்று, இறையாண்மை. வெளிநாட்டு நிபுணர் குழு அமெரிக்கச் சட்டத்தை ஏன் பரிசோதிக்க வேண்டும்?

நான்கு, நம்மிடம்தான் ஏற்கெனவே நல்ல சட்டம் இருக்கிறதே, இது எதற்கு?

முன்னாள் செனட்டர் ரிக் சாண்டோரம் 2012 நவம்பர் 26 அன்று, சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் தன் சின்ன மகளையும் அழைத்துக்கொண்டு வந்து செய்தியாளர்களிடம் பேசினார். உட்டா செனட்டர் மைக் லீ பக்கத்தில் நின்றார். சாண்டோரம் நாடகம் ஆடினார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தையின் தகப்பன் அவர். பயம் உண்மையான பயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் பயம் உண்மை என்பதால் பயப்படும் காரணமும் உண்மை ஆகிவிடாது இல்லையா?

நான் படிக்காமல் விட்டது

23ஆவது விதி. இது குடும்பம் பற்றியது. பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் பிரிக்க வேண்டுமென்றால் அது நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட வேண்டும் என்கிறது. அடுத்த வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது. குழந்தையின் குறைபாட்டையோ பெற்றோரின் குறைபாட்டையோ காரணமாக வைத்து, எந்த நிலையிலும் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாதாம். நான் மேசையைத் தட்டிச் சொன்னதற்கு நேர் எதிர்!

நிபுணர் குழு என்பது 18 பேர். நாடுகள் அனுப்பும் அறிக்கையைப் படித்துப் பரிந்துரை செய்வார்கள். பரிந்துரைதான், உத்தரவு இல்லை. அபராதமோ சிறையோ கிடையாது. அதுமட்டுமல்ல, செனட் குழு நிபந்தனைகளோடுதான் இதைத் தேற்றியிருந்தது. மாநில அதிகாரத்தில் கை வைக்காது, தனிமனிதர்களின் சொந்த நடவடிக்கைகளில் அமெரிக்கச் சட்டம் சொல்வதைத் தாண்டிப் போகாது, ஊனம் என்பதற்கான விளக்கத்தை அமெரிக்கச் சட்டமே தீர்மானிக்கும், தனிச்சட்டம் போடாமல் இந்த ஒப்பந்தம் தானாக நீதிமன்றத்தில் செல்லாது. இவை எல்லாம் எழுத்தில் இருந்தன.

எதிர்ப்பாளர்கள் இதற்கும் பதில் வைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கு முரணான நிபந்தனைகள் செல்லாது என்று 46ஆவது விதி சொல்கிறதே என்றார்கள். இது வெறும் புரளி இல்லை, யோசிக்க வேண்டிய கேள்வி. பிற்பாடு நடந்ததும் அவர்களுக்குக் கொஞ்சம் சாதகம்தான். 2014ல் அந்த 18 பேர் குழு, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுக்கும் காப்பாளர் முறையையே மாற்ற வேண்டும் என்று விளக்கம் கொடுத்தது. பல நாடுகள் தாங்கள் கையெழுத்திட்டபோது இவ்வளவு தூரம் நினைக்கவில்லை. ஆனால் அதை அப்படியே ஏற்கும்படி யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

வீட்டுக்கல்வி விஷயத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஆஸ்திரேலியா 2008லும், பிரிட்டன் 2009லும், கனடா 2010லும் இந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தன. மூன்று நாடுகளிலும் இன்றும் வீட்டுக்கல்வி சட்டப்படி நடக்கிறது.

டிசம்பர் 4, 2012

வாக்கெடுப்பு நாளுக்கு வருவோம். பாப் டோல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996ல் கிளின்டனை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற குடியரசுக் கட்சிக்காரர். 1945 ஏப்ரல் 14 அன்று இத்தாலியப் போர்முனையில் படுகாயமடைந்தார். அப்போது வயது 21. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவரது வலது கை சரியாக இயங்கவில்லை. செனட்டரானதும், 1969ல் அதே ஏப்ரல் 14 அன்று தன் முதல் செனட் பேச்சைப் பேசினார். பேசிய விஷயம், மாற்றுத்திறனாளிகள்.

அவர் காயம்பட்ட அடுத்த வாரம் அதே இத்தாலியில் டேனியல் இனோயே என்ற இன்னொரு இளைஞர் தன் வலது கையை இழந்தார். இருவரும் மிச்சிகனில் ஒரே ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்று நண்பர்களானார்கள். ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி. இருவருமே பிறகு செனட்டர்கள்.

வாக்கெடுப்பு அன்று டோலுக்கு வயது 89. சமீபத்தில்தான் ராணுவ மருத்துவமனையில் இருந்து வந்திருந்தார். மனைவி எலிசபெத் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, செனட் அவைக்குள் வந்தார். பழைய சகாக்கள் ஒவ்வொருவராக வந்து நலம் விசாரித்தார்கள்.

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 61, எதிர்ப்பு 38. வந்திருந்த 99 பேரில் 66 வேண்டும். 5 வாக்கு குறைவு.

எதிர்த்த 38 பேரும் டோலின் கட்சிக்காரர்கள். அவருடைய சொந்த மாநிலமான கான்ஸாஸின் இரண்டு செனட்டர்களும் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜெர்ரி மோரன் சில மாதங்களுக்கு முன் இதே ஒப்பந்தத்தை ஆதரித்தவர்! அதே கட்சியில் ஜான் மெக்கெய்ன், ரிச்சர்ட் லூகர் உட்பட 8 பேர் ஆதரித்தார்கள். வியட்நாம் சிறையில் பட்ட அடியால் தன் கைகளைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவர் மெக்கெய்ன். வராத ஒரே ஒருவர் மார்க் கிர்க். பக்கவாதம் வந்து சிகிச்சையில் இருந்தார். ஆதரித்து வாக்களித்த இனோயே 13 நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று காலமானார்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. தேர்தல் முடிந்து புதிய செனட் கூடுவதற்கு முன் உள்ள இடைவெளியில் எந்த ஒப்பந்தத்தையும் ஏற்க மாட்டோம் என்று 36 குடியரசுக் கட்சி செனட்டர்கள் அந்தச் செப்டம்பரிலேயே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 34 போதும் என்ற இடத்தில் 36! வாக்கெடுப்புக்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது.

2014 ஜூலை 22 அன்று வெளியுறவுக் குழு மறுபடியும் 12க்கு 6 என்று தேற்றியது. ஆனால் முழு அவையின் வாக்கெடுப்புக்கு அது வரவே இல்லை. 2021 டிசம்பர் 5 அன்று டோல் இறந்தார். இன்று 190க்கும் மேற்பட்ட தரப்புகள் இதில் சேர்ந்துவிட்டன. அமெரிக்கா கையெழுத்தோடு நிற்கிறது.

நம் நாட்டில்?

இந்தியா முதல் நாளே, 2007 மார்ச் 30 அன்று கையெழுத்திட்டது. அக்டோபர் 1 அன்று ஒப்புதலும் தந்துவிட்டது. நம் முறையில் ஒப்பந்தத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தால் போதும், நாடாளுமன்ற வாக்கெடுப்பு கட்டாயமில்லை. அதை நிறைவேற்றச் சட்டம் போடத்தான் நாடாளுமன்றம் வேண்டும். அந்தச் சட்டம் வந்தது 2016 டிசம்பரில், ஒன்பது வருடம் கழித்து. 7 வகைக் குறைபாடுகள் 21 ஆகின, அரசு வேலை ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது.

அங்கே ஊரே சண்டை போட்டுத் தோற்கடித்தார்கள். இங்கே யாருக்கும் தெரியாமலே நிறைவேறியது. எது மேல் என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அங்கே பொய்யான பயம் ஜெயித்தது உண்மை. ஆனால் அந்தப் பெற்றோர் தங்கள் பிரதிநிதியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். இங்கே நம்மில் எத்தனை பேர், "கையெழுத்துப் போட்டீர்களே, எங்கள் ஊர் பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறுமா?" என்று ஒரு முறையாவது எம்.பி.யைக் கேட்டிருக்கிறோம்?

என் முடிவு

செனட் தவறு செய்தது என்றே இப்போது நினைக்கிறேன். அமெரிக்கச் சட்டம் அங்கே வலுவாக இருக்கிறது, சரி. ஆனால் அந்த நாட்டு மாற்றுத்திறனாளி ஒருவர் படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போனால் அவரோடு அந்தச் சட்டம் போகாது. மற்ற நாடுகளில் சாய்தளமும் பிரெயில் பலகையும் வருவதைப் பற்றிப் பேசும் குழுவில், அந்த விஷயத்தில் அதிக அனுபவம் உள்ள நாடு உறுப்பினராகவே இல்லை. இழந்தது அதுதான்.

ஆதரவாளர்களும் ஒரு தவறு செய்தார்கள் என்று தோன்றுகிறது. யார்தான் இதை எதிர்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டார்கள். எதிர்த்தவர்களுக்கோ பெரும்பான்மை தேவைப்படவில்லை. 34 பேரின் போன் அடித்துக்கொண்டே இருந்தால் போதும்.

மறுபடி அதே சீட்டு எனக்கு வந்தால்? எதிர்த்துப் பேசுவேன்தான், விவாதம் என்றால் அப்படித்தான். ஆனால் 46ஆவது விதியையும், குழுவின் விளக்கங்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் வைத்துப் பேசுவேன். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று சொல்ல மாட்டேன். கைதட்டல் குறைவாக இருக்கும். தோற்றும் போகலாம். பரவாயில்லை.

நண்பனிடம் மறுநாள் 23ஆவது விதியைக் காட்டி, "நீ கேட்டது சரிடா" என்றேன். "எனக்கு ஏற்கெனவே தெரியும்டா, நான் அதைப் படிச்சுட்டுத்தான் உன் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றான். அவன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி, ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)